கை ஆபரேஷனுக்குப் போகிறீர்களா? ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும், சுத்தம் எப்படி வேண்டும்

ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான தான்லியினிலிருந்து ஒரு தம்பி வந்தார். மணிக்கட்டில் நரம்பு அழுந்தி, ராத்திரியானால் விரல்கள் மரத்துப்போகிற நோய். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். சட்டைப் பையிலிருந்து கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்து அமாக்சிசிலின், பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரை. "ஸயாமாக்கா, இன்னைக்கே ஆரம்பிச்சா திங்கட்கிழமைக்குள்ள ரத்தத்துல நல்லா ஊறிடும்ல?" என்று கேட்டார்.

இங்கே ரங்கூனில் நர்சை ஸயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஆட்கள் அதோடு அக்காவையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆபரேஷன் தியேட்டரில் 27 வருஷம் நின்றவள் நான். அதில் பாதிக்கு மேல் கை ஆபரேஷன்கள். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாருக்காவது கட்டு மாற்ற வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார்கள். அந்தத் தம்பிக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். உங்கள் கையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதலில் அந்த 'ஊறும்' என்ற சொல். அமாக்சிசிலின் உடம்பில் ஊறி நிற்காது. விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி ஒரு பொழுதுக்குள் சிறுநீரில் போய்விடும். வியாழக்கிழமை சாப்பிட்ட மாத்திரை திங்கட்கிழமைக் கத்திக்கு எந்தக் காவலும் தராது. அந்த நான்கு நாளும் அது உங்கள் தோலிலும் குடலிலும் இருக்கிற எளிய கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். அப்படியொரு தோலோடு போய் மேசையில் படுக்காதீர்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே 1945-ல் நோபல் பரிசு உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார்: போதாத அளவில் மருந்தைத் தின்றால் கிருமி சாகாது, அதைத் தாங்கக் கற்றுக்கொள்ளும்.

எந்த ஆபரேஷனுக்கு மருந்து வேண்டும்?

மணிக்கட்டு நரம்பை விடுவிப்பது, மடக்கினால் சிக்கி நிற்கிற விரலைச் சரிசெய்வது, கையில் வந்த நீர்க்கட்டியை எடுப்பது போன்றவை சுத்தமான, சின்ன ஆபரேஷன்கள். தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே கம்பி கிம்பி எதுவும் வைப்பதில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கைக்கு ரத்த ஓட்டம் தாராளம், அதனால் புண் நன்றாக ஆறும். இந்த வகை ஆபரேஷனில் கிருமி பிடிப்பது மிக அபூர்வம். நரம்பை விடுவிக்கும் ஆபரேஷனில் நூற்றில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் அப்படித்தான். ஆகவே டாக்டர் "மருந்து வேண்டாம்" என்று சொன்னால் அவர் உங்களைக் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகப் படித்தவர் என்று நினையுங்கள்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு, உள்ளே தகடோ செயற்கை மூட்டோ வைப்பது, நீண்ட நேரம் போகிற ஆபரேஷன், மண்ணோ சாணியோ புகுந்த காயம், கடி. இவற்றின் கதையே வேறு. இங்கே மருந்து பெரும்பாலும் வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் வேண்டும். உடம்பில் செயற்கை இதய வால்வு இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த ஒரு ஊசியின் நேரம்

இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

தியேட்டருக்கு நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மர அறுவை மில்லில் வேலை செய்த ஒருவர், இரண்டு விரல் எலும்பு உடைந்து வந்திருந்தார். கம்பி போட வேண்டும். கை ஆபரேஷனில் மேற்கையில் ஒரு பட்டையைச் சுற்றி, காற்றடைத்து, ரத்தத்தை நிறுத்திவிடுவார்கள். டூர்னிக்கெட் என்று பெயர். அப்போதுதான் உள்ளே நரம்பு எது, தசைநார் எது என்று தெளிவாகத் தெரியும். அன்றைக்கு நான் அவசரத்தில் பட்டைக்குக் காற்றடித்துவிட்டு, அப்புறம் மற்றக் கையிலிருந்த ஊசி வழியாக ஆன்டிபயாடிக்கை ஏற்றினேன். டாக்டர் கத்தியைக் கையில் எடுத்தவர் நின்றார். "மருந்து எப்போ போச்சு?" என்று கேட்டார். "இப்பதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைத் தட்டில் வைத்தார். பட்டையின் காற்றை இறக்கச் சொன்னார். வெள்ளையாக இருந்த கை சிவந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் எல்லோரும் சும்மா நின்றோம். பிறகு கையை உயர்த்திப் பிடித்து, மறுபடி காற்றடித்து, ஆரம்பித்தார்.

ரத்தம் போகாத கைக்கு மருந்தும் போகாது. மருந்து உடம்பு முழுக்கச் சுற்றும், வெட்டப்போகிற இடத்துக்கு மட்டும் வராது. அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பள்ளிக்கூடம்.

முறை இதுதான்: கத்தி வைப்பதற்கு முன்பு ஒரு மணி நேரத்துக்குள், பட்டை கட்டிக் காற்றடைப்பதற்குச் சில நிமிஷமாவது முன்பே, ரத்தக் குழாய் வழியாக மருந்து போய்விட வேண்டும். அதிகம் பயன்படுவது செஃபசோலின். பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம், 120 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 3 கிராம். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு தடவை. வான்கோமைசின் என்றால் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து, அதனால் இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கலாம். தையல் போட்டு முடிந்ததோடு காவல் மருந்தின் வேலையும் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆபரேஷன் முடிந்த பிறகு காவலுக்காக மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஏற்கெனவே அழுக்கேறிய காயம், சீழ் பிடித்த கை இவற்றுக்குத் தருவது காவல் அல்ல, வைத்தியம். அதற்கு நாள்கணக்கு உண்டு.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை நாள் மாத்திரை?" என்பது இல்லை. "எனக்கு ஆபரேஷனுக்கு முன்னால் காவலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டுமா? வேண்டுமென்றால் பட்டை கட்டுவதற்கு முன்னால் போடுவீர்களா?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒவ்வாமை பற்றியும் ஒரு வார்த்தை. "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எப்போது சாப்பிட்டீர்கள், என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். வயிற்றைப் புரட்டியதா, தடிப்பு வந்ததா, மூச்சு அடைத்ததா, முகம் வீங்கியதா? வயிற்றுப் புரட்டலை ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் நல்ல மருந்து ஒன்று உங்களுக்கு வீணாகப் போய்விடும். மூச்சு அடைத்ததை மறைத்தாலோ உயிருக்கே ஆபத்து.

வீட்டிலிருந்து கிளம்புமுன்

வெற்றிலை போடுகிறவர்களின் வலது ஆள்காட்டி விரலைப் பாருங்கள். நகத்துக்கு அடியில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடாக இறுகியிருக்கும். அதன் மேலே பாக்குக் கறை. தியேட்டரில் எத்தனை தேய்த்தாலும் அந்தக் கோடு போகாது, வீட்டில் மூன்று நாள் முன்பிருந்தே வேலை செய்தால்தான் போகும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், தோல் கிழியாமல். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை ஐந்து நிமிஷம் ஊறவைத்து, மெத்தென்ற பிரஷால் நகத்தடியைத் தேய்த்துவிடுங்கள். காலையும் மாலையும். வயலில், பட்டறையில், மீன் கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் இதேதான். ஆபரேஷன் அன்று காலை தலையோடு குளியுங்கள், சாதாரண சோப்பே போதும்.

தனாக்காவை, அதாவது இங்கே பூசிக்கொள்கிற மரப்பட்டை அரைப்பை, முகத்தில் பூசலாம், ஆபரேஷனாகப் போகிற கையில் வேண்டாம். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். விரல் நுனி சிவப்பாக இருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ரத்த ஓட்டத்தைக் கணிக்கிறோம். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். வீங்கிய பிறகு தங்கத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். முடி மழிக்காதீர்கள். பிளேடு போடுகிற கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி குடியேறும். எடுத்தே தீர வேண்டுமென்றால் அங்கேயே மெஷினால் வெட்டிவிடுவார்கள்.

கையில் கட்டிய கயிறு நம்மவர்களுக்கு மனசு நோகிற விஷயம். எனக்கும் அப்படித்தான், நானும் காளி கோயிலில் கட்டிக்கொள்கிறவள். மாதக்கணக்கில் வேர்வையும் குழம்பும் ஊறிய கயிற்றை ஆபரேஷன் கையில் வைக்கவே கூடாது. ஐயரிடம் சொல்லி மற்றக் கைக்கு மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைத் திருவிழா முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காப்பை அறுப்பதா வேண்டாமா என்று தியேட்டர் வாசலில் நின்று அழுத ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் வேண்டாம்.

சர்க்கரையும் சுருட்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (HbA1c) பார்த்துவிடுங்கள், எட்டு சதவீதத்துக்கு மேலே இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். புகை விரல் நுனியின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நான்கு வாரம் முன்பே விட்டால் நல்லது.

ஜூனிலோ ஜூலையிலோ சின்ன கிளினிக் ஒன்றில் செய்துகொள்வதாக இருந்தால், மழையில் கரண்டு போகிற காலம் அது, கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று பாருங்கள். கொதிக்கவைப்பது போதாது. சில கிருமிகளின் வித்து கொதிநீரில் சாகாது. அழுத்த நீராவியில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிஷம் வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்திருந்தால் அது நீராவியைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கறுக்காத பொட்டலத்தை அவிழ்க்க விடாதீர்கள். சின்ன அறை, மரத்துப்போக ஊசி போட்டு விழித்திருக்கும்போதே செய்வது, சின்னத் துணி விரிப்பு என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சின்ன கை ஆபரேஷன்களை இப்போது உலகெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள், கிருமி கூடவில்லை.

கட்டோடு வீட்டில்

கையை நெஞ்சுக்கு மேலே வையுங்கள். படுத்தால் இரண்டு தலையணை, உட்கார்ந்தால் நாற்காலியின் முதுகு மேல். வீக்கம் இறங்கினால் ரத்தம் ஓடும், ரத்தம் ஓடினால் புண் ஆறும். கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை டாக்டர் அனுமதித்தால் மணிக்கு ஒருமுறை மடக்கி நீட்டுங்கள்.

நனைந்த கட்டுதான் மழைக்காலத்தில் நான் அதிகம் பார்க்கிற தொல்லை. ரங்கூன் கீழ்ப்பக்கத் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் நடந்து, பஸ் பிடித்து, கட்டு ஈரமாக வந்து உட்காருவார்கள். 'வீட்டுக்குப் போய் காயவைத்துக்கொள்ளலாம்' என்று நினைப்பார்கள். ஈரக் கட்டு வெளிக்கிருமியை உள்ளே உறிஞ்சும். நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும், அவ்வளவுதான். குளிக்கும்போது ஒரு பிளாஸ்டிக் பை, அதன் வாயில் ஒரு துணிப்பட்டை, மேலே இன்னொரு பை, கையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் திங்ஜான் தண்ணீர்த் திருவிழா வந்தால் வீட்டுக்குள் இருங்கள். தெருவில் நின்றால் உங்கள் கட்டைப் பார்த்து யாரும் வாளியை நிறுத்தப்போவதில்லை.

கட்டை மாற்றுகிறவர் முதலில் கை கழுவ வேண்டும், அப்புறம் கையுறை. கையுறை போட்டால் கழுவ வேண்டாம் என்று நினைப்பது தப்பு. ரப்பர் கையுறை தியேட்டருக்கு வந்ததே ஒரு நர்சின் கைக்காகத்தான். 1890 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோரில் கேரலைன் ஹாம்ப்டன் என்ற நர்சுக்குக் கிருமிநாசினி பட்டுத் தோல் வெந்துபோனது. டாக்டர் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து வரவழைத்தார். நோயாளிகளுக்கும் அது காவல் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெளியே முனை நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி போட்டிருந்தால் அதைத் திருகாதீர்கள், அசைத்துப் பார்க்காதீர்கள். கம்பி ஆடினாலோ, சுற்றிச் சிவந்து நீர் கசிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

முதல் இரண்டு நாள் வலி சகஜம். மூன்றாம் நாள், நான்காம் நாள் வலி குறைய வேண்டும். குறையாமல் ஏறினால், சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, நேரமும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால், அந்தக் கோட்டைக் காட்டினாலே டாக்டர் புரிந்துகொள்வார்.

ஆபரேஷன் இல்லாமலே வருகிற ஆபத்து

மீன் கடை வைத்திருந்த ஒரு அக்காவுக்கு கெளுத்தி முள் ஆள்காட்டி விரலில் குத்தியது. மஞ்சள் அப்பினார், மருந்துக் கடையில் நாலைந்து நிற மாத்திரை கலந்த பொட்டலம் வாங்கி நான்கு நாள் சாப்பிட்டார். அதில் ஆன்டிபயாடிக் எது, வலி மாத்திரை எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வலி மாத்திரையால் வலி கொஞ்சம் அடங்கியது, உள்ளே சீழ் ஓடிக்கொண்டிருந்தது. வந்தபோது விரல் முழுக்கச் சுரைக்காய் மாதிரி வீங்கி, பாதி மடங்கி நின்றது. லேசாக நீட்டப் போனால் கத்தினார். தியேட்டரில் திறந்து கழுவினோம். விரல் தப்பியது, உள்ளிருந்த தசைநார் பிழைக்கவில்லை. இன்றைக்கும் அந்த விரல் மடங்காது.

சிகாகோ டாக்டர் ஆலன் கனவெல் சொல்லிவைத்த நான்கு அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: விரல் முழுதும் ஒரே சீராக வீக்கம், லேசாக மடங்கியே நிற்பது, உள்ளங்கைப் பக்கம் தசைநார் ஓடுகிற கோடு நெடுக அழுத்தினால் வலி, மெதுவாக நீட்டினால் உயிர்போகிற வலி. இவை வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகக்கூடாது, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும். தசைநார் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. அந்தக் குழாயில் சீழ் புகுந்தால் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. கட்டைவிரல், சுண்டுவிரல் குழாய்கள் மணிக்கட்டு வரை போகும், பலருக்கு அங்கே ஒன்றோடொன்று தொடர்பும் உண்டு. கட்டைவிரலில் ஆரம்பித்தது சுண்டுவிரலில் போய் நிற்கும்.

சண்டையில் குத்தும்போது எதிராளியின் பல் பட்டு விரல் முட்டியில் சின்ன வெட்டு விழுந்தால், அதுவும் கடிதான். விரல் மடங்கியிருந்தபோது பல் மூட்டுக்குள் போய்விட்டது, நீட்டியதும் வாசல் மூடிக்கொண்டது. வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே காட்டுங்கள். பூனைக்கடியும் அப்படியே, மேலே இரண்டு புள்ளி, உள்ளே ஆழம். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் உண்மையிலேயே வேண்டும். பெரும்பாலும் அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்தது எழுதுவார்கள். நாயோ பூனையோ என்றால் வெறிநாய்க்கடி ஊசியையும் கேளுங்கள்.

சமையலறைக் கத்தி வெட்டு போன்ற சுத்தமான வெட்டுக்கு மருந்தே தண்ணீர்தான். கொதித்து ஆறிய தண்ணீரைத் தாராளமாக, ஒரு அங்குல வெட்டுக்குக் கால் லிட்டராவது ஓடவிட்டுக் கழுவுங்கள். காபித் தூள், சுருட்டுச் சாம்பல், சுண்ணாம்பு, தனாக்கா எதுவும் வேண்டாம். நான் முதலில் அவற்றைச் சுரண்டித்தான் புண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால், அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தாலே, மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் சீழ் கட்டினால் கீறி வெளியேற்ற வேண்டும், மாத்திரை அதை வற்றவைக்காது. சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக விரல் நுனியில் கூட்டமாக வந்தால் மட்டும் யாரையும் கீற விடாதீர்கள். அது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ், கீறினால் நிலைமை மோசமாகும். ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது.

டாக்டர் வைத்தியமாக மாத்திரை எழுதினால், எழுதிய அளவில், எழுதிய நேரத்தில், எழுதிய நாள்வரை சாப்பிடுங்கள். காசு போதவில்லை என்றால் பாதி வாங்காமல் டாக்டரிடமே சொல்லுங்கள், விலை குறைந்த மருந்து பெரும்பாலும் இருக்கும். மிச்சத்தை அலமாரியில் வைத்துத் தங்கச்சிக்குக் கொடுக்காதீர்கள்.

தான்லியின் தம்பியின் ஆபரேஷன் ஆன்டிபயாடிக் இல்லாமலே நடந்தது. 12-ம் நாள் தையல் பிரித்தேன், புண் காய்ந்து மெல்லிய கோடாக இருந்தது. உள்ளங்கைத் தையல் 10 முதல் 14 நாள் வரை இருக்க வேண்டும், அவசரப்பட்டால் வாய் பிளக்கும். பிரித்த மறுநாளிலிருந்து குழாய்த் தண்ணீரில் கழுவலாம். வாளியில் ஊறவைப்பது, மீன் கழுவுவது, சேற்றில் கை வைப்பது இன்னும் இரண்டு வாரம் கூடாது. வடு மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு நாளைக்கு இரண்டு தடவை வட்டமாகத் தேய்க்கச் சொல்லி அனுப்பினேன்.